டயருக்குள் இருந்த முள்

பெரியவளின் அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்தான், கவலைப்படாதே.

புதிய பாடத்திட்டத்தில் கைத்தொழிலும் வேண்டும் என்று, சைக்கிள் கடைக்காரனான என்னை இங்கே பாடநூல் எழுதும் குழுவுக்கு அழைத்தார்கள் அல்லவா? பஞ்சர் ஒட்டும் பாடத்தை எழுதிக் கொடுத்தேன். "ஏதாவது விட்டுப்போச்சாய்யா?" என்று குழுவிலிருக்கும் டீச்சரம்மா மூன்று முறை கேட்டார். "நாப்பது வருஷமா ஒட்டறேன், எனக்கே பாடமா?" என்று எரிந்து விழுந்தேன்.

நேற்று ஒரு பள்ளியில் முள் குத்திய சக்கரங்களைக் கொடுத்துப் பாடத்தைச் சோதித்தார்கள். நான் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார வேண்டுமாம். பிள்ளைகள் வரிக்கு வரி அப்படியே செய்தார்கள். காற்றடித்த கொஞ்ச நேரத்தில் எல்லா டியூபும் இறங்கிவிட்டது. டயருக்குள் கைவிட்டுத் தடவி முள்ளை எடுக்க வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. என் கை தானாகச் செய்கிற வேலை, நினைவுக்கே வரவில்லை.

"நாங்க என்ன தப்புப் பண்ணோம், தாத்தா?" என்றாள் ஒரு சிறுமி.

டீச்சரம்மாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. விட்டுப்போன வரியை எழுதி அவர் மேசையில் வைத்தேன்.

என் பழைய கண்ணாடியை அனுப்பு. கடிதத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுது.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள். கடையில் உனக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்த அன்று நீ ஒட்டியதும் இப்படித்தான் இறங்கியது. நாலு பேர் முன்னால் உன்னை மக்கு என்றேன். அன்றும் முள்ளைப் பற்றி நான் சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரன்