மூன்று நடுவர்கள் இருந்த போட்டி

இன்று காலை ரொட்டிக்கு மாவு பிசைந்து முடித்துக் கைகளைத் தட்டினேன். வெள்ளைத் தூள் முகத்துக்கு நேரே பறந்தது. அதற்குமேல் என்னால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. கல்லாவில் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உனக்குத் தமிழ் ஓரளவு பேச வந்தது, படிக்க வராது. எனக்கோ வேறெந்த எழுத்தும் தெரியாது. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சர்க்கஸ் கூட்டத்தோடு ஜோகூர் பாருவுக்கு வந்தவன் நீ. கடலோரத் திடலில் பத்து நாள் ஆட்டம் என்றார்கள். நாலாம் நாளே உன் வலது தோள் கழன்றுவிட்டது. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அவர்கள் பினாங்குக்குப் போனபோது உன்னைக் கூட்டிப்போகவில்லை. கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி என் சாப்பாட்டுக் கடைக்குள் வந்து நின்றாய். இடது கையால் தடுமாறிச் சோறு அள்ளிய உன்னைப் பார்த்து என் மனைவி கதீஜா, "பாவங்க, பின்னால உள்ள அறைய குடுத்துருங்க" என்றாள். அப்படித்தான் எங்களோடு தங்கினாய்.

ஊரில் எல்லோரும் உன்னைச் சர்க்கஸ்காரன் என்றார்கள். அந்தச் சொல் உனக்குப் பிடிக்காது. "நான் போட்டிக்காரன், பாய்" என்பாய். பத்தொன்பது வயதில் ஸ்பெயினில் உன் ஊர் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் மூன்றாம் இடம். மறு வருடம் நாடு முழுவதிலுமிருந்து வந்தவர்கள் நடுவே, கம்பியில் சுழலும் வித்தையில் இரண்டாம் இடம். அதற்கடுத்த போட்டியில் முதலிடம் உனக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, கடைசிச் சுற்றில் கை நழுவிக் கீழே விழுந்தாய். வீட்டில் கஷ்டம். சர்க்கஸ் ஏஜெண்டு சம்பளம் தருகிறேன் என்றதும் கப்பல் ஏறிவிட்டாய். இதையெல்லாம் நீ ஒரே நாளில் சொல்லவில்லை. மாதக்கணக்கில், மலாயும் தமிழும் கலந்து, துண்டு துண்டாகச் சொன்னாய். விழுந்ததைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் அடங்கிவிடும்.

தோள் கூடியதும், கடைக்குத் தினமும் சாப்பிட வரும் ரயில்வே கிளார்க் தங்கவேலு ஓர் இரும்புக் குழாய் கொண்டுவந்தார். கடைக்குப் பின்னால் இரண்டு கட்டைகளை ஆழமாக நட்டு, அதை உயரத்தில் பொருத்தினோம். என் ரொட்டி மாவை உள்ளங்கைகளில் தேய்த்துக்கொண்டு தாவிப் பிடிப்பாய். உன் உடம்பு நேராக நீண்டு, குழாயைச் சுற்றி முழு வட்டம் போகும். சாப்பிட வந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்து பார்ப்பார்கள். அந்த நாட்களில்தான், மறுபடி போட்டியில் சேர்த்துக்கொள்ளும்படி உன் ஊரில் போட்டி நடத்தும் சங்கத்துக்குக் கடிதம் போட்டாய்.

பதில் வர ஐந்து மாதம் ஆயிற்று. வாசலில் நின்றபடியே படித்தாய். இரண்டு முறை படித்தாய்.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"வரச் சொல்லிட்டாங்க, பாய்."

கதீஜா பாயசம் காய்ச்சினாள். சந்தோஷத்தில் நான் உன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நீ வெறி பிடித்தவன் போலானாய். தோள் மறுபடி வீங்கியது. கதீஜா காய்ச்சிக் கொடுத்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு திரும்பவும் ஏறினாய். "ஒரு வாரம் சும்மா இரு தம்பி. கை போச்சுன்னா எதை வெச்சுப் போட்டிக்குப் போவ?" என்று கத்தினேன். "போலே, பாய், போலே" என்றாய். முடியும், முடியும் என்று மலாயில். நான் அந்தக் குழாயைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தேன். நீ முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தாய். போட்டியில் செய்வதுபோல ஒரு தடவை முழுக்கச் செய்ய வேண்டும், நான், கதீஜா, தங்கவேலு மூவரும் நடுவர்களாக இருந்து பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும் என்றாய்.

தங்கவேலு சிரித்தார். "எங்களுக்கு என்னப்பா தெரியும்?"

"தெரியும். இத்தனை நாள் பார்த்தீங்கதானே" என்றாய். நீ சிரிக்கவில்லை.

நாற்காலிகளை நீயே கொண்டுவந்து போட்டாய். எங்களுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று தலை வணங்கினாய். மூன்று வட்டங்கள் அப்பழுக்கில்லாமல் போயின. நான்காவதில் உன் தோள் கழன்றது. ஒற்றைக் கை மட்டும் ஒரு கணம் பிடித்திருந்தது. பிறகு அதுவும் விட்டது. தலைகீழாக விழுந்தாய். நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாய். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மூன்றாம் நாள் நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது கண் திறந்தாய்.

"எத்தனை, பாய்?"

"என்ன எத்தனை?"

"மார்க்கு."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எந்திரிச்சு வா. வந்து மறுபடி செய். அப்பச் சொல்றேன்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் போய்விட்டாய்.

அடக்கம் முடிந்தபின் உன் பெட்டியில் இருந்த கடிதத்தைத் தங்கவேலு சிங்கப்பூருக்குக் கொண்டுபோய், உன் பாஷை தெரிந்த ஒரு பாதிரியாரிடம் காட்டினார். உன் வீட்டாருக்குத் தகவல் சொல்ல விலாசம் கிடைக்குமா என்றுதான் போனார். திரும்பி வந்து கடிதத்தைக் கல்லாவின் மேல் வைத்தார்.

"வரச் சொல்லல, பாய். சர்க்கஸ்ல சம்பளம் வாங்குனவன் இனி எந்தப் போட்டியிலயும் சேரக் கூடாதாம். பட்டியல்லேர்ந்து பேர எடுத்துட்டாங்களாம்."

உனக்கு மிச்சமிருந்த ஒரே போட்டிக்கு நாங்கள்தான் நடுவர்கள் என்பது உனக்கு மட்டும் தெரிந்திருந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் ஒன்பது என்றிருப்பேன். விழுந்ததற்குக் குறைத்து ஆறு என்றாவது சொல்லியிருப்பேன். நீ ஒப்புக்கொண்டிருப்பாய். ஒன்றுமே சொல்லாமல் உன்னை அனுப்பிவிட்டேன்.

நாலு வருடமாகிறது. கடைக்குள் கூட்டம் நுழைந்ததும் சமையல்காரர் உள்ளேயிருந்து, "எத்தனை, பாய்?" என்று குரல் கொடுப்பார். எனக்கு வாய் எழாது. கதீஜாதான் எட்டிப் பார்த்து, ஆட்களை எண்ணிச் சொல்கிறாள்.