இடப் பக்கமாகச் சுற்றிய அலிகோ

மே 3
மழை. மாடுகள் மலையேறும் விழாவுக்கு இன்னும் மூன்று வாரம். சாயங்காலம் கமிட்டிக் கூட்டம். இருபத்திரண்டு வருஷமாக விழாவுக்கு அலிகோ என்ற சீஸ்-கிழங்கு மசியல் கிண்டிய அன்ஸெல்முக்கு வலது தோளில் ஆபரேஷன். டாக்டர் கிண்டும் துடுப்பைத் தொடவே கூடாது என்றாராம். "அப்ப யாரு?" என்றதும் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? நான் கிண்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இருநூறு பேருக்கு! பைத்தியமா எனக்கு?

மே 4
ஆமாம், பைத்தியம்தான்.

மே 11
பத்து கிலோ உருளைக்கிழங்கில் ஒத்திகை. மசியலில் புதுச் சீஸ் உருகி, துடுப்பைத் தூக்கினால் இடுப்புயரத்துக்கு இழை வந்தது. வலது கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டபடி அன்ஸெல்ம் வாசலில் நின்று பார்த்தார்.
"நோயெமி, நீ இடது கையா?"
"பொறந்ததுலேருந்தே. இப்பதான் தெரியுதா?"
"அப்ப இடப் பக்கமாத்தான் சுத்துவே. நடுவுல திசை மாறினா இழை அறுந்துரும். கை ஓஞ்சா யாரு வாங்குவா? ஊரே வலது கை."
"நான் ஓய மாட்டேன்."
"பாப்போம்."
அந்த 'பாப்போம்' வெந்த புண்ணில் வேல்.

மே 19
தினமும் விறகு பிளக்கிறேன், கைக்குப் பலம் வர. உண்மையைச் சொன்னால் பயம். இதுவரை பெண்கள் யாரும் விழா அண்டாவில் துடுப்பு போட்டதில்லை. கெட்டால், "பொம்பளை கையில குடுத்தோம், கூழாப் போச்சு" என்று பத்து வருஷம் பேசுவார்கள். என் புருஷன் லூசியன் வேறு, "வாயக் குடுத்தேல்ல, இப்ப கையயும் குடு" என்கிறான்.

மே 25
பூவும் மணியுமாக மாடுகள் பத்து மணிக்கே ஊருக்குள் வந்துவிட்டன. சதுக்கத்தில் அண்டா. சீஸைப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் கை ஓய்ந்துவிட்டது — மசியலா அது, ஈரக் களிமண்! லூசியன் துடுப்பை வாங்கினான். இடப் பக்கம் இரண்டு சுற்று வருவதற்குள் திணறிப்போனான். ஓரத்தில் வெண்ணெய் பிரியத் தொடங்கிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அன்ஸெல்ம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வலது கை தூளியில், இடது கையை நீட்டினார்.
"தள்ளு."
"டாக்டர் என்ன சொன்னாரு?"
"வலது தோளைப் பத்திச் சொன்னாரு. இதப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

கோணல்மாணலாகத்தான் சுற்றினார். ஆனால் இடப் பக்கம். அவர் மூச்சு வாங்கினால் நான், நான் விட்டால் அவர். இழை திரண்டது. கடைசியில் நான் பெஞ்சு மேல் ஏறித் துடுப்பைத் தூக்கினேன். அண்டாவிலிருந்து என் தலைக்கு மேல் வரை ஒரே இழை, அறுபடவே இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் அழுதுவிட்டேன், வெட்கமே இல்லாமல். அன்ஸெல்ம் ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

மே 26
சீப்பைக்கூடத் தூக்க முடியவில்லை. சந்தோஷம்.

அக்டோபர் 12
சந்தையில் அன்ஸெல்மின் மனைவி யூஜினி என்னைப் பிடித்துக்கொண்டாள்.
"உன்னால என் அடுப்படிச் சுவரெல்லாம் கிழங்கு."
"நான் என்னக்கா பண்ணேன்?"
"தோளு ஆகஸ்டுலயே சரியாயிருச்சு. வலது கையால விறகு பிளக்கறாரு, மரம் அறுக்கறாரு. சட்டியத் தொட்டா மட்டும் இடது கை. கேட்டா, அடுத்த மே மாசம் நோயெமிக்குப் பாதியில ஆள் வேணுமாம்."