வேதாந்தம் படிக்கப் போனவருக்கு

உடுப்பிட்டி
12.5.1984

கர்த்தருக்குள் அன்பான கொலினுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தை ஊரார் சொல்லித்தான் அறிகிறேன். சண்டிலிப்பாயில் வேட்டி கட்டி, திருநீறு பூசி, சம்மணமிட்டிருந்து வேதாந்தம் கேட்கிறீர்களாம். மன்செஸ்ரரிலிருந்து எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு இரசாயனம் படிப்பிக்க வந்து என்னைக் கட்டிய மனுஷன். இத்தனை வருஷம் சபையில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து பாட்டுப் படித்த மனுஷன்! "வெள்ளைக்காரனுக்கு விசர் முத்திப் போச்சு" என்றார் என் கூடப்பிறந்த இராசசிங்கம் அண்ணை. நான் சண்டைக்குப் போனேன். உங்களை விசரென்று சொல்வதானால் நான்தான் சொல்லவேண்டும்.

இரண்டென்று ஒன்றில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இந்த வீட்டில் தனியாக இருந்து சாப்பிடுகிறவள் யார்?

ஒன்று கேட்கிறேன். எங்கள் வீட்டில் சமைக்கிற தங்கமுத்துவின் தம்பி கணவதி அங்கே புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறான். அக்கா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தும் அவன் சைவத்தை விடவில்லை. நீங்கள் சட்டையைக் கழற்றியதும் கோயிலுக்குள் விட்டார்கள். அவன் சாதியைச் சொல்லி அவனை இன்றைக்கும் வெளியில் நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றென்றால் அவனோடு உள்ளே போங்கள் பார்ப்போம். முடியாதென்றால் வீட்டுக்கு வாருங்கள். இரண்டும் முடியாதென்றால் என்னை மறந்துவிடுங்கள்.

இன்னும் உங்கள் மனைவி,
நேசமலர்


சண்டிலிப்பாய்
3.6.1984

அன்பு நேசம்,

கணவதியைக் கேட்டேன். "வாறன் ஐயா. ஆனா நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போறதெண்டு வேண்டாம். நான் முன்னுக்குப் போறன், நீங்கள் பின்னாலை வாங்கோ" என்றான்.

அப்படியே வெள்ளிக்கிழமை போனோம். கோயில் மனேச்சர் வாசலில் குறுக்கே நின்றார். "நீங்கள் வாங்கோ துரை, உங்களுக்குச் சாதியில்லை. உவன் நிக்கட்டும்" என்றார். முதல் நாள் வகுப்பில் என் பக்கத்தில் இருந்து, உள்ளது ஒன்றே என்று தலையாட்டியவர் அவர். நான் உள்ளே போகவில்லை. கணவதி போகாத கோயிலுக்கு இனிப் போகவும் மாட்டேன். வகுப்புக்கும் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். இப்போது கணவதியின் கொட்டிலில்தான் படுக்கை.

நீர் வென்றுவிட்டதாக நினையாதேயும். அவர்கள் அதன்படி நடக்கவில்லை என்பதால் அது பொய்யாகிவிடாது. வாசலுக்கு வெளியே நின்றும் அதைத்தான் சொல்வேன். மன்னிப்புக் கேட்டு உமது அண்ணைக்குப் பக்கத்தில் வந்து இருக்கமாட்டேன்.

நானும் ஒன்று கேட்கிறேன். உங்கள் சபைத் திருவிருந்தில் இரசக் கிண்ணம் வரும்போது தங்கமுத்து எப்போது எழும்புவாள்? உங்கள் ஆட்கள் எல்லோரும் குடித்த பிறகுதானே? அவளுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லை.

கொலின்


உடுப்பிட்டி
2.7.1984

கொலின்,

உங்கள் கடிதத்தை அடுப்புக்குள் போட்டேன். எங்கள் சபையைக் கோயிலோடு சேர்த்துப் பேச என்ன துணிவு என்று கத்தினேன். தங்கமுத்து வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டிருந்தாள். "ஐயா பொய்யோ எழுதினவர், ரீச்சர்?" என்றாள்.

நேற்றுத் திருவிருந்து. "முதல் நீ போ" என்றேன். "பேந்து ஒருத்தரும் உங்களைக் கிட்ட அடுக்காயினம்" என்றாள். "சேர்க்காட்டிப் போகட்டும்" என்றேன். நிமிர்ந்துகொண்டு போய் முழங்காலிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் நான். அவள் குடித்ததும் போதகர் கிண்ணத்தை வழக்கம்போல் துணியால் துடைத்தார். பிறகு இன்னொரு தரம் துடைக்கப் போனார். "ஒருக்காத் துடைச்சது காணும், இனித் துடையாதேங்கோ" என்று சபை கேட்கவே சொன்னேன். அவள் வாய் வைத்த இடத்தில் குடித்தேன்.

அண்ணை கிண்ணத்தைத் தொடாமல் எழும்பிப் போனார். "உனக்கும் உன்ரை வெள்ளைக்காரனுக்கும் இனி எங்கடை வீட்டிலை பச்சைத் தண்ணியும் இல்லை" என்று வெளியில் நின்று சத்தம் போட்டார். போகட்டும். உறவு அறுந்தது எனக்கு நோகத்தான் செய்கிறது. அதற்காக இறங்கமாட்டேன்.

உங்கள் அத்வைதமும் எனக்கு வேண்டாம். நான் இயேசுவை விடமாட்டேன், நீங்கள் திருநீற்றை விடவேண்டாம். தர்க்கம் பண்ண ஆளில்லாமல் எனக்குச் சோறு இறங்குதில்லை. கணவதியையும் கேட்டுப் பாருங்கள். மனமிருந்தால் அவனும் உங்களோடு வரட்டும்.

ஒன்று மட்டும். எங்கள் குசினியில் தங்கமுத்துவுக்கென்று புறம்பாக ஒரு கோப்பை இருந்ததே, அதை நீங்கள் எழுதவில்லை. சபையில் கண்டவருக்கு வீட்டில் கண் தெரியவில்லையா? இன்று காலை அவள் அதைக் கிணற்றடிக் கல்லில் அடித்து உடைத்தாள். துண்டுகளை அவளைக் கூட்ட விடவில்லை, நானும் கூட்டவில்லை. நீங்கள் வந்து கூட்டுங்கள்.

நேசமலர்