சாமி வரும் வழியில் சைக்கிள்

1973 பங்குனி, வெள்ளிக்கிழமை

மாட வீதிக்குப் புதிதாக வந்திருக்கும் போலீஸ்காரரைப் பற்றித் தெருவே புலம்புகிறது. வீட்டு வாசலில் நிறுத்திய சைக்கிளைக்கூட விடுவதில்லை. சைக்கிளில் இரண்டு பேர் போவது குற்றம் என்பதால், போலீஸைக் கண்டால் பின்னால் உட்கார்ந்தவர் இறங்கி நடப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். இன்று என் வீட்டுக்காரரின் சைக்கிளிலிருந்து நானும் இறங்கி நடந்தேன்.

"எறங்கினா வுட்ருவனா? டபுள்ஸ் வந்ததைப் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்று போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார். இவர் கெஞ்ச ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க வாங்க. வண்டி இங்கேயே கிடக்கட்டும். சாமி ஊர்வலம் வந்தா சாரே வண்டியை எடுத்து வழிவிட்டுக்குவார்" என்று நடந்துவிட்டேன். நாதஸ்வரம் நெருங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் போலீஸ்காரர், வழியில் கிடந்த சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு காற்றடிக்கிற கடைக்கு ஓடுகிறார்.

நாளை இவர் தனியாக மாட்டினால் என்ன செய்வாரோ. தனியாக விடப்போவதில்லை. பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன்.