பக்கத்து அறைப் புனிதை

என்னங்க,

இன்று மதியத்தோடு மௌனத் தியானம் முடிந்தது. ஒரு வாரமாக நான் வாயே திறக்கவில்லை என்றால் நம்புவீர்களா? ஃபாதரே சாட்சி.

பக்கத்து அறையில் ஒரு ரிட்டயர்டு நர்ஸ். ஆழமாக ஜெபிக்க வேண்டும் என்று விடியற்காலையில் அடித்துப் பிடித்து ஆலயத்துக்கு ஓடினால், அந்த அம்மா எனக்கு முன்பே முழங்காலில் இருப்பார். கண்ணெல்லாம் சிவந்திருக்கும். இரவெல்லாம் அழுது ஜெபித்திருக்கிறார் என்று நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. பக்தியிலும் பொறாமை வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மௌனம் கலைந்ததும் சாப்பாட்டு மேஜையில் நேராகவே கேட்டேன். "இந்த ஆழம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சதும்மா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குறட்டைதான். சுவரே அதிருது. முதல் நாள் ஆண்டவர்கிட்ட உங்களைப் பத்திப் புகார் சொல்லத்தான் போனேன். அப்புறம் உங்களுக்காகவே ஜெபிக்க ஆரம்பிச்சுட்டேன்."

மேஜையே சிரித்தது. ஃபாதர்கூடத் தண்ணீர் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் உங்கள் ஞாபகம் வந்தது.

கல்யாணமான புதிதிலேயே முதுகுவலி என்று சொல்லி ஹால் சோபாவுக்குப் போனீர்கள். அந்தக் குட்டைச் சோபாவில் எந்த முதுகு குணமாகும் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. வேறு என்னென்னவோ யோசித்தேன். அதை உங்களிடம் கேட்கப் பயந்துதான் ஜெபக்கூட்டம், நோன்பு என்று அலைந்தேன்.

ஆழத்தைத் தேடி இவ்வளவு தூரம் வந்தேன். அது நம் ஹாலிலேயே காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்திருக்கிறது.

நாளை வருகிறேன். காதுக்குப் பஞ்சு வாங்கி வருகிறேன். நீங்கள் உள்ளே வந்து படுங்கள்.

இப்படிக்கு,
இனிமேல் ஒருக்களித்துப் படுக்கப்போகும் உங்கள் மனைவி