ஐந்தாவது ரப்பர் பேண்ட்

மார்ச் 4, செவ்வாய்

கூரியர் அறையில் இன்று கட்டுக் கட்டாய்க் கவர் பிரித்தேன். கழற்றிய ரப்பர் பேண்டுகளைப் பழக்கத்தில் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பைக்குள் கைவிட்ட பிறகுதான் — யாருக்கு இது?

தங்கச்சி போய் நாற்பத்தொரு நாள்.

மார்ச் 6

ஓடும்போது தங்கச்சி சிட்டுவுக்கு எண்ணிக்கை நிற்காது. அதனால் நாலு சுற்றுக்கு மணிக்கட்டில் நாலு ரப்பர் பேண்ட். கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒன்றை உருவி எறிவாள். கை காலியானால் நிற்பாள். நான் கண்டுபிடித்த வழி.

“யார் கத்தினாலும் கேக்காத. கையை மட்டும் பாரு.”

“நீ கத்தினா?”

“நான் கத்தினாலும்தான்.”

“சரி, ஆமை.”

என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். ஒரு நாளும் அவளைப் பிடிக்க முடிந்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கோச் வந்தார். இருபத்து மூன்றாம் தேதி மைதானத்தில் அஞ்சலியாம். பேனரைப் போனில் காட்டினார். போன வருடப் போட்டியில் எடுத்த படம். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள், சிட்டு மட்டும் தனியாக ஓடுகிறாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. கீழே, ‘கடைசியில் வந்தாலும் கைவிடாத தெய்வக் குழந்தை.’

“நல்லா இருக்கு சார்” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்தொன்பது வயசு. குழந்தையாம்.

மார்ச் 10

இங்கேயாவது எழுதுகிறேன். அவள் கடைசியில் வரவில்லை. இரண்டாவதாக வந்தாள்.

அன்று கிடைத்த பேண்டுகள் மெலிசு. ஒன்று அறுந்துவிட்டால்? ஐந்தாவதையும் மாட்டிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. நாலு சுற்று முடிந்து, ஒருத்திக்கு அடுத்து கோட்டைத் தாண்டினாள். கையில் ஒன்று மிச்சம். “நில்லு” என்று கத்தினேன். கையைப் பார்த்தாள். ஓடினாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

ஒரு சுற்று பின்தங்கியவள் என்று எழுதிவிட்டார்கள் நடுவர்கள். சந்தேகம்கூட வரவில்லை. மனவளர்ச்சி குறைந்தவள் எப்படி முன்னால் வருவாள்? பாவம் பார்த்துக் கைதட்டினார்கள்.

சரி, நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? திறந்தால் ஐந்தாவது பேண்டைச் சொல்ல வேண்டும்.

அன்று மட்டும் அவள் ஆமை என்று கூப்பிடவில்லை.

“நான் ரெண்டாவதுதானே அண்ணா?”

“ஆமா.”

“அப்ப மெடல்?”

மார்ச் 15

ஜனவரியில் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். டாக்டர் என்னைப் பார்த்து, “இவங்க சொல்றத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுப்பா. சளிதான்” என்றார். ஸ்டெதாஸ்கோப் அவர் கழுத்திலேயே தொங்கியது. மூணே நாள். போயிட்டா. அன்னிக்கும் நான்தான் பக்கத்துல நின்னேன். வாயை மூடிக்கிட்டு.

மார்ச் 22

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “எங்கிட்ட சொல்லி என்ன? நாளைக்கு மைக்குல சொல்லு.” மறுபடி தட்டை எடுத்துத் தேய்த்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

சொன்னேன். பேண்டு, கத்தினது, மறைத்தது, எல்லாம்.

கோச் முகம் சுருங்கிவிட்டது. “இப்ப எதுக்குப்பா இதெல்லாம்? நல்ல பேரோட போயிருக்கா.”

“பாவப்பட்ட பேரு சார் அது. அவ ஓடி வாங்கின பேரு ஒண்ணு இருக்கு. அதக் குடுங்க.”

அன்று இரண்டாவது பதக்கம் வாங்கிய பெண் பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

“எனக்கும் தெரியும். கடைசி சுத்து பூரா அவ முதுகப் பாத்துட்டேதான் ஓடினேன். மெடல் குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்.”

யாரும் கைதட்டவில்லை. அது போதும்.

ஏப்ரல் 12

கிளப் அறைச் சுவரில் முடிவுப் பட்டியலைத் திருத்தியிருக்கிறார்கள். அம்மாவைக் கூட்டிப்போனேன். இரண்டாவது வரியில் சிட்டுவின் பெயர். அம்மா அதை விரலால் தடவிக்கொண்டே போய், நேரம் எழுதும் கட்டத்தில் நின்றாள்.

“இங்க ஏன் வெறும் கோடு?”

“நாலாவது சுத்து முடிஞ்சப்ப யாரும் நேரம் குறிக்கலம்மா.”

“அன்னிக்கு உன் கையில ஸ்டாப்வாட்ச் இருந்துச்சே.”

இருந்தது. கத்தினேனே தவிர, அழுத்தவில்லை.