உப்புக் கழிவு

1998 ஜூன் 17, புதன்

இன்றைக்கும் என் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். கண்ணாடிக் கதவுக்குள் ஒருவர் துபாய்க்குப் பேசி முடித்து, வெளியே வந்து, பில் எவ்வளவு என்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கடைசியில் எதிர் இட்லிக்கடை பச்சையம்மா வந்து தோளை உலுக்கினாள். "இன்னாக்கா, பட்டப்பகல்ல இப்டி கொறட்டை வுட்டுகினு கீறே? ரயில் சத்தமே கேக்கல!" நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது.

ராத்திரி தூங்கினால்தானே பகலில் விழித்திருக்க முடியும். படுத்தால் மூச்சு முட்டுகிறது. மாதக்கணக்காகச் சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறேன். நேற்று மச்சான் என்னைக் கன்னத்தில் அடித்து எழுப்பினார். குறட்டை நின்று, மூச்சும் நின்றுவிட்டதாம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை அடித்தது இதுதான் முதல் தடவை. அதுவும் என்னை உயிரோடு வைத்திருக்க.

எனக்கு முப்பத்தாறு வயது. சாக இஷ்டமில்லை.

ஜூன் 22, திங்கள்

பட்டணத்தில் டாக்டர் ஸ்ரீரங்கனைப் பார்த்தோம். வயிற்றைத் திறந்து, இரைப்பையில் பின் அடித்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு இடம் விட்டு மீதியை அடைத்துவிடுவாராம். "வேண்டாம்னு விட்டா?" என்றேன். "தூக்கத்துலேயே போயிடுவீங்கம்மா" என்றார். பட்டென்று சொல்லிவிட்டார். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. ஆறு வாரத்தில் எட்டு கிலோ குறைத்துக் காட்ட வேண்டும். "வாயைக் கட்ட முடியாதவங்களுக்கு நான் இதைச் செய்யறதில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் திருட்டுத்தனமா சாப்பிட்டா பின் பிய்ச்சுக்கும். உயிருக்கே ஆபத்து."

சரி, இப்போது என்ன எடை? அதுதான் தெரியவில்லை. ஆஸ்பத்திரி மெஷினில் முள் 120-இல் போய் முட்டி நின்றுவிட்டது. நான் ஏதோ தப்பாக ஏறிவிட்டதுபோல் நர்ஸ் இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். வேறெங்காவது எடை போட்டு போனில் சொல்லச் சொன்னார் டாக்டர்.

மாமியிடம் சொன்னோம். "அல்லா கொடுத்த வயித்துல ஆணி அடிக்கிறதா? வாயைக் குறைச்சா போதாதா?" என்றார். அவர் பெற்ற பிள்ளைதானே மச்சான், சௌகத் அலியே பதில் சொல்லட்டும் என்று நான் உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 26, வெள்ளி

எழுதவே கூசுகிறது. தோல் மண்டியில் எடை போட்டேன்.

மச்சானின் செருப்புக் கடைக்குப் பழக்கமான மண்டி, பல்லாவரத்திலேயே. ஜும்மா தொழுகைக்காக அடைத்து இன்னும் திறக்காத நேரத்தில், ஆள் யாரும் இல்லாதபோது கூட்டிப்போனார். ஆட்டுத்தோலைக் கட்டுக்கட்டாக ஏற்றும் பெரிய பலகைத் தராசு. அந்த நாற்றத்தில் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி நின்றேன். யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று மச்சான் எனக்கு முதுகு காட்டி வாசலில் காவல் நின்றார். எடை போடும் பக்கீர் முகமது அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தராசுத் தண்டில் எடைக்கல்லை நகர்த்தினார், "நூத்தி முப்பத்தொண்ணு!" என்று ஏலக்குரலில் கத்தினார். கத்தாமல் சொல்லத் தெரியாது போல.

131. டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டது.

ஜூலை 2, வியாழன்

கஞ்சி. மோர். கஞ்சி.

ஜூலை 14, செவ்வாய்

பச்சையம்மா சாயங்காலம் பஜ்ஜி போட ஆரம்பித்திருக்கிறாள். ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லையா இவளுக்கு? கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன், அடுப்பையாவது அந்தப் பக்கம் திருப்பி வை என்று. "ஒன் வவுறு எரிஞ்சா எம் பொயப்பு எப்டிக்கா நடக்கும்?" என்று சொல்லிக்கொண்டே திருப்பி வைத்தாள். நல்லவள்.

யார்மீதாவது எரிந்து விழ வேண்டும் போல இருக்கிறது. இன்று ஒரு ராங் நம்பர்காரன் மாட்டிக்கொண்டான்.

ஆனால் ஒரு பருக்கை அதிகம் தொடவில்லை. இதை எனக்காக எழுதிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

130.

பக்கீர் அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறார். மச்சானே சாவி வாங்கி வந்து எடை போட்டார். இரண்டாம் முறையும் போட்டார். 130. ஆறு வாரத்துக்கு ஒரே ஒரு கிலோ!

திரும்பி வந்ததும் மச்சான் வீட்டு வாசலில் மெதுவாக, "நஃபீசா, என்கிட்டயாவது உண்மையைச் சொல்லேன். பசிக்கத்தான் செய்யும். நான் திட்டமாட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 8, சனி

டாக்டர் போனில்: "அப்போ ஆபரேஷன் வேண்டாம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." நான் பேசுவதற்குள் வைத்துவிட்டார்.

மாமி சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "உன் உயிரைக் காப்பாத்தத்தான்" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கதவையே பெயர்த்திருப்பேன். அவ்வளவு எடை இருந்து என்ன பிரயோஜனம்!

ஆகஸ்ட் 11, செவ்வாய்

நான் தூக்கத்தில் எழுந்து தின்கிறேனா? எனக்கே தெரியாமல்? பூட்டிய அறையில் எப்படித் தின்பேன்? பூட்டுவதற்கு முன்னால்?

வளையல் கையில் சுற்றுகிறது. ரவிக்கை தொளதொளக்கிறது. பச்சையம்மாகூட "எளைச்சிட்டக்கா" என்றாள். தராசு மட்டும் இல்லை என்கிறது. எதை நம்புவது? அல்லாஹ்வே, நான் பொய்க்காரியா?

ஆகஸ்ட் 14, வெள்ளி

வரிசையாக எழுத வேண்டும்.

பக்கீர் அண்ணன் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து மண்டிக்குப் போனேன். மறுபடி எடை போடச் சொன்னேன். கல்லை நகர்த்தினார். "நூத்தி இருவத்தி ரெண்டு!"

"அண்ணே, போன வெள்ளிக்கிழமை நூத்தி முப்பது. ஒரே வாரத்துல எட்டு கிலோ எப்படிப் போகும்?"

குனிந்து பார்த்தார். "கல்லு நூத்தி முப்பதுலதாம்மா நிக்குது. நான் கயிச்சிட்டுல்ல சொல்றேன்."

"எதைக் கழிச்சீங்க?"

"உப்பு. பச்சைத் தோல்ல உப்பும் ஈரமும் கீதுல்ல? நூத்துக்கு ஆறு கயிச்சிட்டுத்தான் கூவுறது..." சொல்லிக்கொண்டே வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"முதல் தடவையும் கழிச்சீங்களா?"

"பயக்கம்மா. வாய் தானா கயிச்சிட்டுத்தான் சொல்லுது. மாப்பு பண்ணிடும்மா."

அப்படியானால் ஜூனில் நான் 139. மச்சான் போட்ட 130-இல் கழிவு கிடையாது. ஒன்பது கிலோ குறைந்திருக்கிறேன். 139 என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட பொம்பளை உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். தராசுப் பலகையிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த மனுஷன் பதறிப்போய் சோடா வாங்கி வந்தார். சோடாவில் சர்க்கரை உண்டா என்று கேட்டேன்!

மச்சானிடம் சொன்னபோது அவர் நேராக மாமியிடம் போய்ச் சாவிக்குக் கை நீட்டினார். மாமி அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சாவியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுத் தொழப் போய்விட்டார். டாக்டர் போனில் சிரித்த சிரிப்பு பூத்துக்கு வெளியே கேட்டிருக்கும். ஆபரேஷன் செப்டம்பர் மூன்று என்றார்.

செப்டம்பர் 2, புதன்

ஆஸ்பத்திரிக் கட்டில். அக்கம்பக்கத்தில் பித்தப்பைக் கல் என்று சொல்லி வைத்திருக்கிறோம். நாளைக்குக் கண் விழிப்பேனா? மயக்க மருந்து என்பதும் தூக்கம்தானே. எனக்குத்தான் தூக்கம் ஆகாதே.

பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 7, திங்கள்

இருக்கிறேன்.

இருமினால் வயிறு பிளக்கிறது. தலையணையை அணைத்துக்கொண்டுதான் இருமுகிறேன். மருந்து மூடியில் தண்ணீர். ஒரு மூடி, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மூடி. அதிலேயே நிறைந்துபோகிறது.

செப்டம்பர் 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் ரொட்டியுமாகக் குவிக்கிறார்கள். "ஒரு வாய்தானே" என்கிறார்கள். எனக்கு மொத்தமே ஒரு வாய்தான் என்பது யாருக்குப் புரிகிறது?

இன்று மாமி ஒரு டம்ளரில் பழுப்பு நிறத்தில் ஏதோ கொண்டுவந்தார். சூப் என்று நினைத்துக் கொஞ்சம் குடித்தேன். பிரியாணி! மிக்ஸியில் அடித்து, துணியில் வடிகட்டி. "தண்ணியாத்தானே கொடுக்கச் சொன்னாங்க? பதினேழு நாளா நாக்கு செத்துக் கிடக்கேன்னு..." நெய்யும் மசாலாவும் உள்ளே போனதும் துடித்துவிட்டேன். வாந்தி. பின் பிய்ந்துவிட்டதோ என்று டாக்டரிடம் ஓடினோம். பிய்யவில்லை. மாமி ஆட்டோவில் என் காலைப் பிடித்துக்கொண்டே வந்தார். கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

நவம்பர் 3, செவ்வாய்

பூத்தில் சாயங்காலம் நான்கு மணிதான் எனக்கு ஆகாத நேரம். பசி இல்லை, ஆனால் கை எதையோ தேடுகிறது. மேஜை டிராயரைத் திறந்து மூடினேன், பேனாவைக் கழற்றினேன், பில் புத்தகத்தை அடுக்கினேன். சாப்பாடு இல்லாத நாள் இவ்வளவு நீளமா? இனிமேல் நான் எதற்காகக் காத்திருப்பது?

முடி வேறு கொட்டுகிறது.

டிசம்பர் 28, திங்கள்

ரமலான் நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பச்சையம்மா கடைத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்து குடிக்கிறேன். ஊரே பார்க்க அத்தனையும் தின்றபோது வராத வெட்கம், இந்த ஒரு மடக்குத் தண்ணீருக்கு வருகிறது.

இரண்டு தலையணை வைத்துப் படுக்க முடிகிறது. ஆனாலும் தூக்கம் வரும்போதெல்லாம் பயந்து நானே விழித்துக்கொள்கிறேன்.

1999 பிப்ரவரி 14, ஞாயிறு

மறைமலை நகரில் மாமியின் தம்பி மகளுக்கு நிக்காஹ். நான்கு பேருக்கு ஒரு சஹன் என்று பெரிய தட்டில் பிரியாணி வைத்தார்கள். என்னோடு ஒரே தட்டில் உட்கார இப்போது போட்டி. என் பங்குக் கறி மிச்சமாகும் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துபோயிற்று. நான்கு விரல் சோற்றோடு கை கழுவினேன்.

களைப்பாக இருந்தது. பெண்கள் அறையில் ஓரமாகப் பாயில் சாய்ந்தேன். தலையணை இல்லை. அடுத்தவர் வீட்டில் நான் கண் மூடி எத்தனையோ வருஷமாயிற்று. குறட்டைக்கு வெட்கப்பட்டு விழித்தே கிடப்பேன். கொஞ்ச நேரம் காலை நீட்டலாம் என்றுதான் படுத்தேன்.

கண் விழித்தபோது மூக்கடியில் பிரியாணி வாசம். கனவா என்று பார்த்தால், மாமியின் விரல். கழுவியும் மணம் போகாத விரலை என் மூக்கின் கீழ் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அறையில் வேறு யாரும் இல்லை. எல்லாரையும் வெளியே துரத்திவிட்டிருக்கிறார். ஜன்னலில் அஸர் தொழுகை நேரத்துச் சாயங்கால வெயில்.

"என்ன மாமி?"

"ஒண்ணுமில்ல. சத்தமே இல்லியேன்னு பயந்துட்டேன்." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூச்சு நல்லா வருது. நீ தூங்கு."

திரும்பிப் படுத்து மறுபடி தூங்கிவிட்டேன்.